பன்னிரண்டாவது சென்டிமீட்டர்

எங்கள் ஆய்வகத்துத் தரையில் ஒரு மஞ்சள் கோடு உண்டு. அந்தக் கோட்டுக்கு உள்ளே சாவிக்கொத்து, கைப்பேசி, மோதிரம் என்று எந்த உலோகமும் வரக்கூடாது. பெல்ட் போட்ட ஆண்பிள்ளைகள் அதைக் கோட்டுக்கு வெளியே கழற்றிப் போட்டுவிட்டு, ஒரு கையால் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் அளவெடுப்பார்கள். மேஜை மரம், திருகாணி பிளாஸ்டிக், அளவுகோல் மூங்கில். புதிதாக வருகிறவர்களுக்கு இதெல்லாம் கிறுக்குத்தனமாகத் தோன்றும். கோட்டுக்குள் மறந்துவைத்த சாவி மின்காந்தத்தில் சூடேறிக் கொதிக்கும்; அதை ஐந்து நிமிடம் கழித்து ஒரு தடவை தொட்டுவிட்டால், அதற்குப் பிறகு வாயைத் திறக்க மாட்டார்கள்.

அந்தக் கோட்டைப் போட்டவள் தக் சுல்கி. என்னைவிட மூன்று வயது மூத்தவள். நான் தேஜோன் நகரத்துக்கு வந்து பங் பேராசிரியரிடம் சேர்ந்த நாளில், பதினாறு ஆண்பிள்ளைகளுக்கு நடுவே அவள் ஒருத்திதான் பெண். என்னைப் பார்த்ததும், "அப்பாடா, இனிமே கழிவறைச் சாவிக்கு ஒரு ஜோடி ஆச்சு" என்றாள். அன்றிலிருந்து அவள் எனக்கு அக்கா. கூடப் பிறந்த அண்ணன் ஒருவன் எனக்கு இருக்கிறான். அவனிடம் சொல்லாததையெல்லாம் இவளிடம் சொல்லியிருக்கிறேன். 

வேலை என்னவென்றால், பேருந்துக்குக் கம்பியில்லாமல் மின்சாரம் ஏற்றுவது. நிறுத்தத்தில் ரோட்டுக்கு அடியில் ஒரு சுருளைப் புதைத்திருக்கும், பேருந்தின் வயிற்றில் ஒரு சுருள் இருக்கும். நடுவில் ஒரு சாண் காற்று. ஓட்டுநர் சரியாகச் சுருளுக்கு மேலே கொண்டுவந்து நிறுத்தினால் நூற்றுக்குத் தொண்ணூற்று நாலு பங்கு மேலே ஏறிவிடும். ஆனால் எந்த ஓட்டுநர் சரியாக நிறுத்துகிறார்? ஒரு சாண் தள்ளி நிறுத்தினால் பாதி மின்சாரம் வெப்பமாகப் போய்விடும். பேருந்து எவ்வளவு தள்ளி நின்றாலும் தானே தெரிந்துகொண்டு தன்னைத் திருத்திக்கொள்கிற மின்மாற்றிச் சுற்று ஒன்றை நான் செய்தேன். நான்கு வருடம் ஆனது.

அந்தச் சுற்றைப் பற்றி என் பெயரை முதலில் போட்டு ஒரு கட்டுரை வெளியாக வேண்டும். வந்தால்தான் டாக்டர் பட்டம். ஏழு வருடத்துக்குமேல் பல்கலைக்கழகம் யாரையும் வைத்துக்கொள்ளாது. எனக்கு இந்த டிசம்பரோடு ஏழு முடிகிறது. இன்னொருவர் அதே சுற்றை முந்திக்கொண்டு வெளியிட்டுவிட்டால் என்னுடையது புதியதாக இருக்காது. புதியதாக இல்லாவிட்டால் கட்டுரை இல்லை, பட்டமும் இல்லை. கையை வீசிக்கொண்டு ஊருக்குப் போய் அண்ணன் கடையில் உட்கார வேண்டியதுதான்.

சுல்கி அக்கா பட்டம் வாங்கிக்கொண்டு இரண்டு வருடம் முன்பே ஒரு பேருந்துக் கம்பெனிக்குப் போய்விட்டாள். ஆனாலும் வியாழக்கிழமைகளில் வந்துவிடுவாள். கம்பெனிச் சாப்பாட்டில் ஜீவனில்லை, கம்பெனி ஆட்களுக்குப் பேசத் தெரியவில்லை என்று ஏதாவது ஒரு சாக்கு இருக்கும்.

பிப்ரவரியில் என் பிறந்தநாள். எங்கள் வழக்கப்படி அன்றைக்குக் கடல்பாசி சூப் குடிக்காவிட்டால் அம்மா தொலைபேசியில் அழுவாள். வெளியே பனி பெய்துகொண்டிருந்தது, காலையிலிருந்து நான் அளவெடுத்துக்கொண்டிருந்தேன். அக்கா உள்ளே வந்து, மின்சாரத்தை அணைக்கச் சொல்லிவிட்டு, நேராகக் கோட்டைத் தாண்டி, சுருள் பதித்த மேஜையின் மரச்சட்டத்தின்மேல் பிளாஸ்க்கை வைத்தாள்.

"குடி. ஆறிடும்."

"கோட்டுக்கு உள்ளயா அக்கா? நீ போட்ட கோடு அது."

"போட்டவளுக்குத் தாண்டவும் உரிமை இருக்கு. ஹீட்டர் செத்துப் போச்சு. இந்த ரூம்ல இந்தச் சட்டம் ஒண்ணுதான் கதகதப்பா இருக்கு. உக்காரு."

பையிலிருந்து இரண்டு எஃகு ஸ்பூன்களை எடுத்தாள். காம்பு நீளமானவை, நுனியில் அதிர்ஷ்டத்துக்கான எழுத்து செதுக்கியிருந்தது. அவள் அம்மாவின் கல்யாணச் சீர். சட்டத்தின்மேல் எதிரெதிராக உட்கார்ந்து குடித்தோம். மாட்டிறைச்சி போட்டு, பூண்டு தூக்கலாக, நல்ல சூப்.

"பாசி வழுக்கும்ல, பரிட்சைக்கு முன்னாடி இதைக் குடிச்சா வழுக்கி விழுந்துடுவோம்னு எங்கம்மா சொல்லுவா" என்றேன்.

"உனக்கு இனிமே ஏது பரிட்சை? கட்டுரைதானே. கட்டுரை வழுக்காது, நான் இருக்கேன்ல."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. உறைப்பு என்று சொல்லிச் சமாளித்தேன். அந்தச் சூப்பில் உறைப்பே கிடையாது.

கிளம்பும்போது பார்த்தால் ஒரு ஸ்பூன்தான் இருந்தது. மேஜைக்கு அடியில், பைக்குள், குப்பைக் கூடையில் எல்லாம் தேடினோம். "அம்மா எண்ணி வச்சிருக்கா. ஒண்ணு கொறஞ்சாலும் என்னை உரிச்சிடுவா" என்று புலம்பிக்கொண்டே போனாள். அதற்குப் பிறகு எப்போது குறுஞ்செய்தி அனுப்பினாலும் கடைசி வரி இதுதான்: ஸ்பூன் கிடைச்சுதா?

மார்ச்சில் முழு வரைபடமும் கைக்கு வந்தது. பேருந்து நடுவிலிருந்து எவ்வளவு விலகுகிறது, எவ்வளவு மின்சாரம் மேலே ஏறுகிறது. இருபது சென்டிமீட்டர் விலகினாலும் தொண்ணூற்றிரண்டு. கோடு வழவழவென்று போகிறது, ஒரே ஒரு இடத்தைத் தவிர. பன்னிரண்டாவது சென்டிமீட்டரில் ஒரு பள்ளம். அங்கே மட்டும் எண்பத்தொன்பதுக்கு இறங்கி மறுபடி ஏறுகிறது. எத்தனை தடவை அளந்தாலும் அதே இடம், அதே ஆழம். பேராசிரியருக்குக் காட்டும் முன்னால் அக்காவுக்குக் காட்டினேன். அவளுக்குத்தான் முதலில் காட்டத் தோன்றியது.

அவள் வெகுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாரே, இது பெரிய விஷயம்டி" என்று என் பெயரை அழுத்திச் சொன்னாள். "ஆனா இவ்வளவு நல்லா வந்தா முதல்ல சந்தேகப்படணும். அந்தப் பள்ளத்துக்குக் காரணம் தெரியாம அனுப்பினா பத்திரிகை மதிப்பீட்டாளருங்க உன்னைக் கிழிச்சுத் தொங்க விட்டுடுவாங்க. அவசரப்படாத. மூணு மாசம் ஆகட்டும், திரும்பத் திரும்ப அள. ஃபைலை எனக்குக் குடு, நானும் யோசிக்கிறேன்."

கொடுத்தேன். சுற்றின் படம், அளவீடு, நான் எழுதி வைத்திருந்த வரைவு, எல்லாவற்றையும் ஒரே கோப்பாகப் போட்டு நானே அவள் பையில் வைத்தேன். என் தலையில் மிளகாய் அரைக்க அம்மிக்கல்லையும் நானே தூக்கிக் கொடுத்தேன் என்று அன்றைக்குத் தெரியவில்லை.

அவள் சொன்னபடியே அளந்தேன். ஏப்ரல், மே முழுக்க அளந்தேன். சுருளை மாற்றினேன், மின்தேக்கிகளை மாற்றினேன். பள்ளம் அசையவில்லை. ஜூன் மாதத்து ஈரத்தில் சட்டத்தின் பலகை ஒன்று உப்பிக்கொண்டது. அதை மாற்றுவதற்காகப் பிளாஸ்டிக் திருகாணிகளைக் கழற்றிப் பலகையைத் தூக்கினால், இரண்டு பலகைகளுக்கு நடுவிலிருந்த இடுக்கில் அக்காவின் ஸ்பூன் படுத்திருந்தது. நாலு மாதச் சூட்டில் காம்பு நீலமும் பழுப்புமாக நிறம் மாறிக் கருகியிருந்தது. அடியில் இருந்த மரத்தில் ஸ்பூன் வடிவத்திலேயே கருகல்.

மூங்கில் அளவுகோலை வைத்துப் பார்த்தேன். நடுவிலிருந்து சரியாகப் பன்னிரண்டு சென்டிமீட்டர்.

ஸ்பூனை எடுத்துவிட்டு அளந்தேன். பள்ளம் போய்விட்டது. கோடு ஒரு சுளிப்பு இல்லாமல் போனது. நான் தரையில் உட்கார்ந்து தனியாகச் சிரித்தேன். என் சுற்றில் ஒரு குறையும் இல்லை. உலகத்திலேயே இந்த நாட்டு ஆய்வகத்தில்தான் எஃகு ஸ்பூனோடு சூப் குடித்துவிட்டு அதன்மேல் பேருந்து மின்சாரத்தைப் பாய்ச்சுவார்கள். அக்காவிடம் தொலைபேசியில் சொல்ல மனம் வரவில்லை. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல வேண்டும். ஜூலையில் புசானில் துறை மாநாடு, அவளும் வருகிறாள். ஸ்பூனை மெல்லிய தாளில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டேன். ரயிலில் வழியெல்லாம் தாளைப் பிரித்துக் காம்பின் கருகலை விரலால் தேய்த்துக்கொண்டே போனேன்.

மாநாடு கடலோர ஓட்டல் ஒன்றில். பதிவு மேஜையில் நிகழ்ச்சிப் புத்தகத்தைக் கொடுத்தார்கள். அக்கா பேசுகிறாளா என்று பார்ப்பதற்காகப் புரட்டினேன். நான்காவது கூடம், பதினொரு மணி. தலைப்பை ஒரு தடவை படித்தேன். பிறகு விரல் வைத்து, சின்னப் பிள்ளை மாதிரி ஒவ்வொரு சொல்லாகப் படித்தேன். தானே திருத்திக்கொள்ளும் மின்மாற்றிச் சுற்று. என் சுற்று. முதல் பெயர் தக் சுல்கி. பிறகு எனக்குத் தெரியாத இரண்டு கம்பெனிக்காரர்கள். கடைசியில் பங் பேராசிரியர். சுருக்கம் சமர்ப்பித்த தேதி மார்ச் முப்பது. அவள் என்னைப் பொறு, அள என்று சொல்லி இரண்டு வாரம்கூட ஆகியிருக்கவில்லை.

கூடத்துக்கு வெளியே தாழ்வாரத்தில் அவளே எதிரே வந்தாள்.

"நாரே, வந்துட்டியா? சாப்பிட்டியா?"

"புத்தகத்துல பாத்தேன்" என்றேன்.

கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "சொல்லணும்னுதான் இருந்தேன். கம்பெனியில ஏதாவது காட்டு, ஏதாவது காட்டுன்னு கழுத்தை நெரிக்கிறாங்க. நீயும் எப்படியும் இன்னும் அளந்துக்கிட்டுத்தானே இருக்க."

"நீதானே அக்கா அளக்கச் சொன்ன?"

"அது உன் நல்லதுக்குச் சொன்னது."

"என் பேரு?"

"அடுத்ததுல போட்டுடலாம். இங்க பாரு, எங்க பிரிவுல உனக்கு ஒரு இடம் பேசி வச்சிருக்கேன். பட்டம் இல்லாமலே எடுத்துப்பாங்க."

பட்டம் இல்லாமலே. என் பட்டத்தை எடுத்துக்கொண்டு, அது இல்லாமலே எனக்கு வாழ வழியும் செய்து வைத்திருக்கிறாள். அறைந்திருக்கலாம். ஆனால் நான் பைக்குள் கைவிட்டபடி நின்றேன், விரல்கள் ஸ்பூனைப் பிடித்திருந்தன. ஏனோ ஒன்று கேட்கத் தோன்றியது.

"அந்தப் பன்னெண்டு சென்டிமீட்டர் பள்ளம். அது ஏன்னு தெரிஞ்சுதா?"

அவள் முகம் பிரகாசமானது. அந்த ஒரு கணம் பழைய அக்காவேதான். "அதான்டி விஷயமே. ரெண்டு ஒத்ததிர்வு அந்த இடத்துல ஒண்ணோட ஒண்ணு இடிக்குது. ரெண்டு பக்கம் சமன்பாடு போட்டு நிரூபிச்சிருக்கேன். கேட்டேன்னா அசந்துடுவ."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவள் ஒரு தடவைகூட அளந்து பார்க்கவில்லை. சுற்றைச் செய்து மேஜையில் வைத்து ஒரே ஒரு தடவை மின்சாரம் விட்டிருந்தால் பள்ளம் வந்திருக்காது. திருடியதையாவது என்றைக்காவது மன்னித்திருப்பேனோ என்னவோ. என்னை மூன்று மாதம் அளக்க வைத்துவிட்டு, தான் மட்டும் நாற்காலியில் உட்கார்ந்து என் கோட்டுக்குச் சமன்பாடு எழுதியிருக்கிறாளே, அதை என்னால் தாங்க முடியவில்லை. ஸ்பூனை விட்டுவிட்டுக் கையை வெளியே எடுத்தேன்.

பங் பேராசிரியர் காபிக் கோப்பையோடு ஜன்னல் பக்கம் நின்றிருந்தார்.

"சார், அதுல உங்க பேரு இருக்கு."

"ஆமா. நீ சம்மதிச்சுட்டேன்னு சுல்கி சொன்னாளே. நீ வேற ஒண்ணு வச்சிருக்கியாம், இதை அவளுக்கு விட்டுக் குடுத்துட்டியாம்."

"நான் அப்படி எதுவும் சொல்லல சார். இதைத் தவிர என்கிட்ட வேற எதுவும் கிடையாது."

அவர் கடலைப் பார்த்தார். எதையும் நேராக மறுக்காத சுங்சோங் பக்கத்து மனிதர். அவர் வாயிலிருந்து முடியாது என்ற சொல் வந்து யாரும் கேட்டதில்லை. காபியை ஊதினார், ஒரு வாய் குடித்தார். "முன் வரிசையில கம்பெனிக்காரங்க உக்காந்திருக்காங்க பாரு. ஊருக்குப் போயி... மெதுவா... பாத்துக்கலாமே."

ஆறரை வருடத்தில் அவர் பார்த்துக்கலாம் என்று சொன்ன எதையும் பார்த்ததில்லை. ஹீட்டர் உட்பட.

பதினொரு மணிக்கு அக்கா மேடையேறினாள். நன்றாகவே பேசினாள். கூடத்தில் இருநூறு பேர் இருந்திருப்பார்கள். என் சுற்றின் படம் திரையில் வந்தது. வண்ணத்தை மட்டும் மாற்றியிருந்தாள். பிறகு என் வரைபடம். விளக்குக் குச்சியின் சிவப்புப் புள்ளி பன்னிரண்டாவது சென்டிமீட்டரில் போய் நின்று வட்டமிட்டது. "இந்தப் பள்ளம் இந்தச் சுற்றின் பிறவிக் குணம்" என்றாள். இரண்டு பக்கச் சமன்பாடு வந்தது. எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர் கைப்பேசியைத் தூக்கிப் படம் பிடித்தார். பக்கத்து ஆள் தலையை ஆட்டி ஆட்டிக் குறிப்பெடுத்தான். நான் பிறந்தநாளன்று குடித்த சூப்பின் ஸ்பூனுக்கு இருநூறு பொறியாளர்கள் மரியாதை செய்துகொண்டிருந்தார்கள்.

அமர்வின் தலைவர் நம்குங் என்கிற வயதான ரயில்வேக்காரர். கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "ஒரே ஒரு கேள்விக்கு நேரம் இருக்கு" என்றார்.

கையைத் தூக்கினேன். முன்னாலிருந்து பங் பேராசிரியர் திரும்பிப் பார்த்தார். ஒரே ஆய்வகத்து மூத்தவளைக் கூடத்தில் வைத்து இளையவள் கேள்வி கேட்பது எங்களில் வழக்கமில்லை. கேட்டாலும் அருமையான உரை, நன்றி என்று தொடங்கி அதிலேயே முடிக்க வேண்டும். எழுந்து நடுவிலிருந்த ஒலிவாங்கிக்குப் போனேன். 

"மா நாரே. பங் பேராசிரியரோட ஆய்வகம். இந்த வரைபடம் எந்தச் சோதனைக் கூடத்துல எடுத்ததுன்னு தெரிஞ்சுக்கலாமா?"

அக்கா என்னையே பார்த்தாள். நான் அவளை அக்கா என்று கூப்பிடவில்லை என்பது அவளுக்கு உறைத்திருக்கும். "எங்க கம்பெனியோட சொந்தச் சோதனைக் கூடத்துல. மார்ச் மாசம்."

"சுத்தி இருக்கற உலோகத்தை எல்லாம் எடுத்துட்டுத்தான் அளந்தீங்களா?"

"அது அடிப்படைங்க." கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தாள். "ஒரு மீட்டருக்குள்ள ஒரு ஊசிகூடக் கிடையாது. எங்க ஆய்வகத்துல மஞ்சள் கோடு போட்டவளே நான்தான்."

சிலர் சிரித்தார்கள்.

"அப்ப அந்தப் பள்ளம் வேற எதனாலயும் வந்திருக்க முடியாது?"

"முடியாது. சமன்பாடே இருக்கே."

நான் ஒலிவாங்கியை விட்டுவிட்டு மேடையை நோக்கி நடந்தேன். கேள்வி கேட்கிறவர்கள் அப்படி நடப்பதில்லை. இரண்டு படி ஏறி, தாளைப் பிரித்து, அவள் முன்னால் பேச்சு மேஜையில் ஸ்பூனை வைத்தேன்.

அவள் குனிந்து பார்த்தாள். யோசிப்பதற்கு முன்னால் அவள் கை அதை எடுத்துவிட்டது. திருப்பிக் காம்பின் நுனியில் இருந்த எழுத்தைப் பார்த்தாள்.

"ஏய், இது எங்கடி இருந்துச்சு? அம்மா இன்னும் கேட்டுக்கிட்டு இருக்கா" என்றாள்.

அவள் சட்டையில் குத்தியிருந்த ஒலிவாங்கி அணைக்கப்படவில்லை. கூடத்தின் எட்டு மூலையிலும் அது கேட்டது.

"நம்ம மேஜையில, அக்கா. பன்னெண்டாவது சென்டிமீட்டர்ல."

அவள் முகம் எப்படி மாறியது என்று என்னிடம் நிறையப் பேர் பிற்பாடு கேட்டார்கள். நான் பார்க்கவில்லை. ஸ்பூனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்வரிசையில் யாரோ பக்கென்று சிரித்து, உடனே அடக்கிக்கொண்டார்கள்.

நம்குங் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "புரியற மாதிரி சொல்லும்மா" என்றார். சொன்னேன். பிப்ரவரியில் எங்கள் மேஜையின் பலகை இடுக்கில் இது விழுந்தது, மார்ச்சில் இந்தக் கோட்டை நான் வரைந்தேன், ஜூனில் ஸ்பூனை எடுத்தபின் பள்ளம் இல்லை. மூன்று வாக்கியம். அதற்குமேல் பேசினால் அழுதுவிடுவேன் என்று நிறுத்திக்கொண்டேன்.

அவர் அக்காவின் பக்கம் திரும்பினார். "உங்க கம்பெனிக் கூடத்து மூல அளவீட்டை இன்னைக்குச் சாயந்தரத்துக்குள்ள குடுக்க முடியுமா?"

அவள் ஸ்பூனையே திருப்பிக்கொண்டிருந்தாள். முன்வரிசைக் கம்பெனிக்காரர்கள் புத்தகத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டார்கள். பங் பேராசிரியரின் நாற்காலி காலியாக இருந்தது. எப்போது எழுந்து போனார் என்று தெரியவில்லை.

"அப்ப இந்தக் கட்டுரை தொகுப்புல அச்சாகாது. விசாரிச்சுட்டுப் பாப்போம்." நம்குங் தன் குறிப்பேட்டில் எழுதினார். பிறகு என்னைப் பார்த்து, "நீ ரெண்டு கோட்டையும் எனக்கு அனுப்பு. ஸ்பூனோட ஒண்ணு, ஸ்பூன் இல்லாம ஒண்ணு. தேதியோட. உன் கட்டுரையையும் சீக்கிரம் அனுப்பிடு, இனிமே எவனுக்காகவும் காத்திருக்காத" என்றார்.

வேண்டியது கிடைத்துவிட்டது. டிசம்பருக்கு முன்னால் என் கட்டுரை வந்துவிடும். சந்தோஷப்பட வேண்டிய நேரம்தான். ஆனால் எனக்கு ஓடிப்போய் யாரிடமாவது சொல்ல வேண்டும் போல் இருந்தது. இப்படி ஏதாவது நடந்தால் நான் முதலில் யாரிடம் சொல்வேனோ, அவள் எனக்கு ஒரு முழம் தள்ளி நின்றுகொண்டிருந்தாள்.

அவள் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. ஸ்பூனின் கருகலைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டிருந்தாள். எச்சில் தொட்டு மறுபடி தேய்த்தாள்.

அது போகாது என்று எனக்குத் தெரியும். தேஜோனிலிருந்து புசான் வரைக்கும் தேய்த்துப் பார்த்திருந்தேன். சொல்லவில்லை. படி இறங்கி வந்துவிட்டேன்.